ஐந்து கோடிப் படம் எடுத்து ஒன்றைக்கூடப் பார்க்காமலிருப்பது எப்படி?

வாழ்த்துகள். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் படமெடுத்துக் கண்காணிக்கும் திட்டம் ஒன்று உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நிதி வந்துவிட்டது. கல்வெட்டு அடித்தாகிவிட்டது. குத்துவிளக்கேற்ற வருபவருக்குச் சால்வையும் வாங்கியாகிவிட்டது. இனி உங்களுக்கு ஒரே ஒரு ஆபத்துதான் மிச்சம்: அந்தக் கருவி நிஜமாகவே எதையாவது கண்டுபிடித்துவிடலாம்.

கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நச்சுப் பாசி பெருகுகிறது என்று நீங்கள் யாருக்காவது போன் செய்தாக வேண்டும். அவர் இன்னொருவருக்குச் சொல்ல, சிப்பி எடுக்கத் தடை வரும். சிப்பி எடுப்பவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். தடை சரியாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததால் தடை தேவையே இல்லை என்பார்கள். இத்தனை தொல்லையும் இல்லாமல், கருவியும் ஓட வேண்டும், படங்களும் குவிய வேண்டும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவரக் கூடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பலர் தெரியாமலே கடைப்பிடிக்கும் வழிதான். இங்கே முறைப்படுத்திச் சொல்கிறேன், அவ்வளவே.

முதல் பக்கத்துக்கு வேண்டிய பயம்

திட்ட அறிக்கையின் முதல் பக்கம் பயமுறுத்த வேண்டும். அதற்கான சரக்குக்குப் பஞ்சமில்லை. மிதக்கும் தாவர நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை பரம சாது. உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி அவற்றின் உழைப்பு. விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகள்தான் நஞ்சு வைத்திருக்கின்றன. சிப்பியும் மட்டியும் கல்லுமக்காயும் நீரை வடிகட்டித் தின்னும்போது அந்த நஞ்சு அவற்றின் சதையில் சேர்கிறது. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்பவர்தான் விழுகிறார். கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு அது.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1987இல் வளர்ப்புக் கல்லுமக்காய் தின்ற 100க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள்; மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. காரணம் டோமாயிக் அமிலம். அதைச் செய்தது சூடோ நிட்சியா என்ற, டயாட்டம் வகையைச் சேர்ந்த ஊசி போன்ற நுண்பாசி. டயாட்டம் நஞ்சு வைக்கும் என்று அதுவரை யாரும் எண்ணியதில்லை. நம்மூர்க் கணக்கு வேண்டுமென்றால், 1981இல் தமிழ்நாட்டுக் கரையில் மட்டி தின்று 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் திரும்பவில்லை. அது வேறு பாசி, வேறு நஞ்சு. நரம்பை முடக்கும் வகை.

இவற்றை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள். நிதி வந்தபின் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

கருவியை அளவு பார்க்காமல் வாங்குங்கள்

எல்லாக் கருவியும் எல்லாவற்றையும் பார்க்காது. விற்க வருபவரே இதைச் சொல்வார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரான்சின் வில்ஃபிரான்ஷ் ஆய்வகத்தில் உருவான ஜூஸ்கேன், வலையில் பிடித்த விலங்கு மிதவைகளைத் தட்டில் பரப்பி ஸ்கேன் செய்யும். கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கருவிகள் மீன் குஞ்சுகளையும் ஜெல்லி வகையறாவையும் பிடிக்கும். நச்சுப் பாசிக்கென்று பெயர் வாங்கியது இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் ராபர்ட் ஓல்சனும் ஹைடி சோசிக்கும் உருவாக்கி, 2007இல் ஆய்விதழில் விவரித்த கருவி.

அது வேலை செய்யும் விதம் அழகானது. கடல்நீரை உறிஞ்சும். சுற்றிலும் வடிகட்டிய நீர் ஓட, நடுவில் மாதிரி நீர் மெல்லிய இழையாக ஓடும். உள்ளே இருக்கும் செல்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தாக வேண்டும், முண்டியடிக்க இடமில்லை. குறுக்கே ஒரு சிவப்பு லேசர். பச்சையம் வைத்திருக்கும் செல் அதைக் கடந்தால் இன்னும் ஆழ்ந்த சிவப்பில் ஒளிரும். அந்த ஒளி கேமராவுக்குச் சமிக்ஞை. பளிச்சென்று ஒரு ஃபிளாஷ், ஒரு படம். மணிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கும், சலிக்காது, தேநீருக்குப் போகாது.

டைனோஃபிசிஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். வயிற்றைக் கலக்கும் நஞ்சு வைத்திருக்கும் இந்த நுண்ணுயிருக்குச் சொந்தமாகப் பசுங்கணிகம் கிடையாது. மீசோடினியம் என்ற சின்ன உயிரைக் குத்திப் பிடித்து, அதன் உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. மீசோடினியத்துக்கும் அந்தப் பசுங்கணிகம் சொந்தமில்லை. அது வேறொரு நுண்பாசியிடம் அடித்தது. இந்தச் சாப்பாட்டு ரகசியம் தெரியாததால் டைனோஃபிசிஸை ஆய்வகத்தில் வளர்க்க முடியாமல் பல காலம் திண்டாடினார்கள். 2006இல்தான் கொரிய ஆய்வாளர்கள் மீசோடினியத்தைத் தீனியாகப் போட்டு வளர்த்துக் காட்டினார்கள். ஆக, இரண்டு கை மாறி வந்த திருட்டுச் சொத்து லேசரில் மின்னப்போய்த்தான் திருடன் கேமராவில் மாட்டுகிறான். இயற்கைக்கு இப்படியும் நகைச்சுவை உணர்வு உண்டு.

இப்போது நமக்கு வேண்டிய தகவல்: இந்தக் கருவி பார்ப்பது ஏறத்தாழ 10 முதல் 150 மைக்ரான் வரை. அதற்கு மேலே உள்ளவை குழாயை அடைத்துவிடும் என்பதால் வாயிலேயே சல்லடை கட்டித் தடுத்துவிடுவார்கள். மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் கடலைப் பச்சையாக்கி, மீன்களைச் சாகடித்து, சிங்கிள் தீவுப் பக்கத்துப் பவளப்பாறைகளையும் கொன்ற நாக்டிலூக்கா 200 மைக்ரானில் ஆரம்பித்து 2,000 வரை போகும். மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் சமாசாரம் அதுதான். அது சிப்பியில் நஞ்சு ஏற்றுவதில்லை. திரண்டு செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜனை இல்லாமல் செய்துவிடுகிறது, அமோனியாவை விடுகிறது.

எனவே மன்னார் வளைகுடாவுக்கு ஃப்ளோசைட்டோபாட்டை மட்டும் வாங்கி வைத்தீர்களென்றால் நீங்கள் ஒரு மேதை. கரையில் மீன் செத்து ஒதுங்கும். நாற்றம் தாங்காமல் ஊரே மூக்கைப் பிடிக்கும். உங்கள் திரையில் நாக்டிலூக்கா பூஜ்யம். அறிவியல் ஆதாரத்தோடு பூஜ்யம்.

அதே 2019 ஆகஸ்டில் இதே நாக்டிலூக்கா சென்னைக் கடற்கரையில் இரவில் நீலமாக ஒளிர்ந்தபோது, திருவான்மியூருக்கும் பெசன்ட் நகருக்கும் ஓடிய கூட்டம் போனில் எடுத்துத் தள்ளிய படங்களின் எண்ணிக்கையை எந்த ஆய்வு நிலையமாவது தொட்டிருக்குமா என்பது சந்தேகம். அத்தனையும் மங்கல். நிறையப் படம் இருப்பதும் விஷயம் தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட உற்சாகமூட்டும் முன்னுதாரணம் உங்களுக்குக் கிடைக்காது.

இடம்

அலுவலகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மின்சாரம் இருக்கும், நிழல் இருக்கும், விருந்தினருக்குக் காட்ட வசதி. துறைமுகத்துக்குள் தேங்கிய தண்ணீராக இருந்தால் மிகச் சிறப்பு. வெளிக்கடலில் என்ன நடந்தாலும் கடைசியாகத்தான் அங்கே தெரியும்.

துப்புரவுக்கு ஆள் போடாதீர்கள். கடலுக்குள் எதை இறக்கினாலும் சில வாரங்களில் பாசி படியும், அதன்மேல் கொட்டலசு ஒட்டும். கருவியைச் செய்தவர்களுக்கு இது தெரியும். குழாயைத் தானே கழுவிக்கொள்ளவும், அளவு தெரிந்த நுண்மணிகளை ஓட்டித் தன்னையே சோதித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த மணிகளும் கழுவும் மருந்தும் தீர்ந்துபோகும்போது அடுத்த நிதியாண்டு வரை காத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது. வாயில் கொட்டலசு அடைத்த கருவி நல்ல பிள்ளை. அது புகாரே செய்யாது.

ஒரு வாய் தண்ணீரில் தீர்ப்பு

கருவி ஒரு தடவைக்கு 5 மி.லி. நீரைப் பார்க்கும், அதற்குச் சுமார் 20 நிமிடம். ஒரு நாள் பூராவும் ஓடினாலும் 360 மி.லி.தான், அரை லிட்டர் பாட்டில்கூட நிறையாது. இது குறையல்ல. நாள் முழுக்க, வாரம் முழுக்க விடாமல் பார்ப்பதில்தான் இதன் பலம் இருக்கிறது. அந்தப் பலத்தை முறிப்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும்.

நச்சு வகைகளில் சில, லிட்டருக்கு 200 செல் இருந்தாலே கவனிக்க வேண்டியவை. லிட்டருக்கு 200 என்றால் 5 மி.லி.க்குச் சராசரியாக ஒன்று. சராசரி ஒன்று என்பதால் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்று வந்து நிற்காது. ஒன்றில் மூன்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றுமே இருக்காது. ஆகவே ஒரே ஒரு மாதிரியை மட்டும் எடுத்து, அதில் இல்லையென்றால் 'கடலில் இல்லை' என்று எழுதி முடித்துவிடுங்கள். அடுத்தடுத்த மாதிரிகளைக் கூட்டிப் பார்ப்பது, எண்ணிக்கையோடு அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொல்வது போன்ற பழக்கங்கள் வேலை தெரிந்தவர்களுக்கு உரியவை.

நேரத்தையும் நிலைப்படுத்துங்கள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி என்று வைத்துக்கொள்வது உத்தமம். இவற்றில் பல வகைகளுக்கு வால் போன்ற கசையிழை உண்டு. பகலில் மேலே ஏறும், இரவில் கீழே இறங்கும். உங்கள் குழாய் இருக்கும் ஆழத்துக்கு அவை வரும் நேரமும், உங்கள் ஆள் வரும் நேரமும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செயற்கைக்கோள் வேண்டுமென்று யாராவது கேட்டால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் பாசிப் பெருக்கு பற்றிய தகவல் சேவையே நடத்துகிறது. செயற்கைக்கோள் பரந்த கடலின் நிறத்தைப் பார்க்கும். நிறத்துக்குப் பின்னால் இருப்பது எந்த இனம் என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் எங்கே பெருக்கு, என்ன பெருக்கு என்று இரண்டையும் அறிகிறார்கள். நீங்கள் வடகிழக்குப் பருவமழை வரை காத்திருந்து, மேகம் மூடிய படத்தைப் பார்த்து 'அசாதாரணமாக எதுவும் தென்படவில்லை' என்று எழுதுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பெயர் வைப்பவரை வேலைக்கு எடுக்காதீர்கள்

படம் எடுப்பது கருவி. இது இன்னது என்று சொல்வது யார்? திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே நெரிக்க வேண்டிய இடமும் இதுதான்.

உட்ஸ் ஹோல்காரர்கள் 2006லிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக் கடலில் இந்தக் கருவியை ஓட்டுகிறார்கள். அங்கே சேர்ந்த படங்களில் 34 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆட்கள் உட்கார்ந்து பெயர் வைத்து, 70 வகையாகப் பிரித்து, 2015இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். முப்பத்து நான்கு லட்சம்! பெயர் வைத்தவர்களுக்கு யாராவது சிலை வைத்தார்களா என்றால் இல்லை. கணினி படித்தவர்கள் கட்டுரை எழுதி மேலே போனார்கள். டயாட்டத்தையும் தூசியையும் பிரித்துக் கண் பூத்தவர்களின் பெயர் நன்றியுரையில் இருக்கும். இது நையாண்டி அல்ல, என் சொந்த வருத்தம். இந்தத் துறையில் ஆள் பஞ்சம் கேமராவுக்கு இல்லை, நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய கண்ணுக்குத்தான். அத்தகையவர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் சர்வர் வாங்குகிறார்கள்.

அதே சமயத்தில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹாட்ஃபீல்டு கடல் அறிவியல் மையம் தன் படங்களை ஒரு பெரிய கணினிப் போட்டிக்குக் கொடுத்தது. அவர்களுடைய இழுவைக் கேமரா 18 நாளில் ஏறத்தாழ ஐந்து கோடிப் படம் எடுத்துத் தள்ளியிருந்தது. மனிதர் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு ஆயுள் போதாது. 1,75,000 டாலர் பரிசு, 121 வகைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக மாணவர் அணி ஜெயித்தது. உங்களுக்கு இதில் பாடம் ஒன்றே: ஐந்து கோடி வரைக்கும் போங்கள், போட்டி மட்டும் வைக்காதீர்கள்.

'கணினிக்கு எத்தனை சதவீதம் சரியாக வருகிறது?' என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். கவலை வேண்டாம். கடலில் இருந்து வரும் படங்களில் பெரும் பங்கு பெயர் சொல்ல முடியாத பொடிகளும் துகள்களும்தான். நச்சு வகை ஆயிரத்தில் ஒன்றோ, பத்தாயிரத்தில் ஒன்றோ. வந்ததையெல்லாம் 'நச்சு வகை இல்லை' என்று சொல்லும் ஒரு நிரலை எழுதுங்கள். 99 சதவீதம் சரி என்று நெஞ்சை நிமிர்த்தலாம். நச்சு வகையில் எத்தனையைப் பிடித்தது, எத்தனையை விட்டது, எத்தனை அப்பாவிகளைப் பிடித்தது என்று தனித்தனியாகக் கேட்கத் தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால், அவருக்கு உடனே காபி கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு உத்தி: அந்த மார்த்தாஸ் வின்யார்ட் குளிர்கடலின் படங்களை வைத்துப் பயிற்றுவித்த நிரலை அப்படியே இறக்கி, வெப்பக் கடலில் ஓட விடுவது. அதற்குத் தெரிந்தது 70 பெயர். நம் கடலில் வேறு ஆட்கள். புதிதாக வருபவருக்கும் அது தெரிந்த பெயரில் ஒன்றை ஒட்டிவிடும், அதுவும் அபார நம்பிக்கையோடு. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல நிரலுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். அப்படிச் சொன்னவற்றை யாராவது ஒருவர் தினமும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் நாம் அந்த வழிக்குப் போவதில்லை.

நிபுணரை வைத்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் ஒருவரை மட்டும் வையுங்கள். பிளிமத்தைச் சேர்ந்த கல்வர்ஹவுஸ் குழு 2003இல் சோதித்துப் பார்த்தது: பயிற்சி பெற்றவர்கள் தாங்கள் முன்பு சொன்ன பெயரையே மறுபடி சொன்னது 67 முதல் 83 சதவீதம், ஒருவர் சொன்னதை மற்றவரும் சொன்னது 43 சதவீதம். அதே வகைகளைத் தினமும் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டும் 84 முதல் 95 வரை வந்தது. இரண்டு நிபுணர் இருந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் தெளிவு பிறக்கும். ஒருவர் போதும்.

படத்தில் நஞ்சு தெரியாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்

இது கருவியின் உண்மையான எல்லை, ஆகவே உங்களுக்குப் பொன்னான வாய்ப்பு. சூடோ நிட்சியாவின் படத்தைப் பார்த்து அது சூடோ நிட்சியா என்று சொல்லலாம். அந்தப் பேரினத்தின் எந்த இனம் என்று சொல்ல பெரும்பாலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். இனம் தெரிந்தாலும் அது இன்றைக்கு நஞ்சு சுரக்கிறதா என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது: சிலிக்கா, இரும்பு, வெப்பம் என்று பல காரணங்கள். சிப்பியின் சதையைச் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 'இந்த நீரையும் இந்தச் சிப்பியையும் இப்போதே சோதியுங்கள்' என்று சொல்வதுதான் படத்தின் வேலை.

இதை இரண்டு பக்கமும் வெட்டலாம். படத்தில் நச்சு வகை தெரிந்தால், 'படத்தை வைத்து எப்படிச் சொல்வது? நஞ்சு சோதனை வரட்டும்' என்று கோப்பைத் தள்ளிவையுங்கள். சோதனைக்கூடம் மாதிரி கேட்டால், 'படத்தில் பெரிதாக எதுவும் இல்லையே, எதற்குச் செலவு?' என்று திருப்பி அனுப்புங்கள். இரண்டு கடிதமும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது.

டெக்சாஸைப் பின்பற்றாதீர்கள்

இதையெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லியாக வேண்டும். 2007 செப்டம்பரில் டெக்சாஸின் போர்ட் அரான்சாஸில், மெக்சிகோ வளைகுடா நீர் கழிமுகங்களுக்குள் போய்வரும் கால்வாயின் தோணித்துறையில் ஃப்ளோசைட்டோபாட் ஒன்றை வைத்தார்கள். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் லிசா கேம்ப்பெல் பொறுப்பு. அந்தக் கரைக்கு வழக்கமான பயம் கரேனியா பிரெவிஸ். மீனைக் கொன்று, கடற்கரையில் நிற்பவரை இருமவைக்கும் செம்பாசி.

2008 தொடக்கத்தில் படங்களில் டைனோஃபிசிஸ் ஏற ஆரம்பித்தது. அமெரிக்காவில் அதனால் சிப்பிக்குத் தடை வந்த வரலாறே அதுவரை கிடையாது. ஐரோப்பாவின் தலைவலி, ஜப்பானின் தலைவலி, நம்முடையதல்ல என்று கேம்ப்பெல் விட்டிருக்கலாம். கருவியை அதற்காக வைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். என்ன செய்தார்? படங்களைப் பார்த்தார். அதோடு நிற்காமல் அதிகாரிகளிடம் சொன்னார். நீரையும் சிப்பியையும் சோதித்தார்கள். டைனோஃபிசிஸின் நஞ்சான ஒக்கடாயிக் அமிலம் இருந்தது. மாநிலம் சிப்பி எடுப்பதை நிறுத்தியது, சந்தைக்குப் போன சரக்கையும் திரும்பப் பெற்றது.

கொஞ்ச தூரத்தில் ஃபுல்டன் என்ற ஊரில் ஆண்டுதோறும் சிப்பித் திருவிழா. ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், வந்தவர்கள் சிப்பியைப் பச்சையாகவே விழுங்குவார்கள். தடை வந்தபோது அதற்குச் சில நாள்தான் பாக்கி. நோயுற்றதாக ஒருவர்கூடப் பதிவாகவில்லை. செய்தியாளர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்: 'யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை' என்று தலைப்பு போட முடியுமா?

இதோடு விட்டார்களா? பழைய படங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். டைனோஃபிசிஸுக்கு முன்னால் மீசோடினியம் பெருகியிருந்தது. திருடனுக்கு முன்னால் அவன் சாப்பாடு வந்திருக்கிறது. அடுத்த முறை சாப்பாடு வரும்போதே உஷாராகலாம் அல்லவா? வாரம் ஒரு பாட்டில் நீர் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த வரிசை கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம். படங்களை அழிக்காமல், தேதி நேரத்தோடு, மறுபடி எடுத்துப் பார்க்கும்படி வைத்திருந்ததன் விளைவு இது. உங்கள் வன்தட்டுகளை எந்த அறையில் வைப்பது என்று இப்போதே யோசியுங்கள். மழை ஒழுகும் அறை ஏதாவது இருக்கும்.

பொதுமக்களைத் தூரத்தில் வையுங்கள்

ஃபுளோரிடாவில் ஹேப்ஸ்கோப் என்று ஒன்று செய்தார்கள். சின்ன நுண்ணோக்கி, அதன் கண்ணில் போன் மாதிரி ஒரு கருவி. தன்னார்வலர் கடற்கரையில் நீர் எடுத்து, சொட்டு வைத்து, சிறு வீடியோ எடுத்து அனுப்புவார். கரேனியா நீந்தும் விதமே தனி என்பதால் அசைவைப் பார்த்தே கணினி எண்ணிவிடும். அங்கே லிட்டருக்கு 5,000 கரேனியா செல் வந்தால் சிப்பி எடுக்கத் தடை. ஆகவே எண்ணிக்கை சட்டென்று வருவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு இன்னும் மோசம்: பிளாங்க்டோஸ்கோப் என்று ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும் ஒரு படமெடுக்கும் கருவியின் வரைபடத்தையே யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். கல்லூரி மாணவர்களும் மீனவச் சங்கங்களும் கையில் வைத்திருக்கத் தொடங்கினால் உங்கள் கருவியைப் பற்றிக் கேள்வி வரும். நம்மூரில் கடலின் நிறம் மாறியதை முதலில் பார்ப்பவர் எப்படியும் படகில் இருப்பவர்தான். அவர் போன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளாதீர்கள்.

எச்சரிக்கை அனுப்பும் வசதி கருவியோடு வந்தே தீருமென்றால், பணி மாறிப் போனவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி அமையுங்கள்.

ஆண்டறிக்கை

கடைசி வேலை. எத்தனை படம், எத்தனை டெராபைட், எத்தனை நாள் தடையின்றி ஓடியது என்று வண்ணப் பட்டைகளாகப் போடுங்கள். எத்தனை முறை யாருக்கு போன் செய்தோம், அவர் என்ன செய்தார் என்ற பட்டியலுக்கு இடம் ஒதுக்காதீர்கள், காலியாகத் தெரியும்.

அட்டைக்கு டயாட்டம்தான் சரி. ஆஸ்டீரியோனெல்லோப்சிஸ் நட்சத்திரம் போல விரியும், கீட்டோசிரோஸ் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு அழகாக நிற்கும். படங்கள் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்; கொஞ்சம் நீலம் ஏற்றச் சொன்னால் அச்சகத்தில் ஏற்றிக் கொடுப்பார்கள். டைனோஃபிசிஸ் படத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெளியீட்டு விழாவில் எங்கோ ஓரத்தில் ஒரு மட்டி வியாபாரி உட்கார்ந்திருப்பார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஐயா, இது நம்ம பக்கம் இருக்குங்களா?' என்று எழுந்து கேட்டுவிடுவார்.